மைலோ டப்பாவில் கிடக்கும் பிலிம் சுருள்: வீட்டுப் பழைய படங்களைக் காப்பாற்றி மீட்டெடுக்க முழு வழிகாட்டி

மலேசியாவில், பினாங்கின் ஆயர் ஈத்தாமில் மாமா வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு பெரிய மைலோ டப்பா கிடந்தது. மூடியைத் திறந்ததும் காடி வாடை முகத்தில் அடித்தது. உள்ளே பதினோரு சூப்பர் 8 சுருள்கள். மாமா துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கேமராவில் எடுத்தவை. தைப்பூச ரதம், பெரியக்கா கல்யாணம், தோட்டத்தில் பாட்டி இருந்த லயத்து வீடு. அந்தத் தோட்டம் இப்போது இல்லை. பாட்டி நடப்பதையும் சிரிப்பதையும் பார்க்க வேண்டுமென்றால் அந்த டப்பாவை விட்டால் வேறு வழியில்லை.

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இப்படிப்பட்ட டப்பா உள்ள தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. கோயில் நிர்வாகத்தின் அலமாரியிலும், தமிழ்ப்பள்ளியின் பழைய சாமான் அறையிலும்கூட இருக்கும். அவற்றை வைத்திருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினியில் செய்யும் சீரமைப்பு பிடிக்கவில்லை என்றால் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் செய்யலாம். பிலிம் ஒருமுறை கெட்டால் கெட்டதுதான். அதனால் இங்கே சொல்வதில் பாதிக்குமேல் கணினியைத் தொடுவதற்கு முந்தைய வேலை.

புரொஜெக்டரில் போடாதீர்கள்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான்: யாரிடமாவது பழைய புரொஜெக்டர் இரவல் வாங்கி, சுவரில் ஓட்டிப் பார்ப்பது. நானும் அதைத்தான் செய்தேன். பெரியக்கா கல்யாணச் சுருளில், தாலி கட்டும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், கடகடவென்று சத்தம் வந்தது. நிறுத்துவதற்குள் இரண்டு அடி நீளத்துக்கு ஓரத் துளைகள் கிழிந்துவிட்டன. பிலிம் சுருங்கியிருந்தது, புரொஜெக்டரின் பல்லுக்கும் பிலிமின் துளைக்கும் பொருந்தவில்லை. பழைய பிலிமைச் சோதிக்காமல் ஓட்டக்கூடாது என்று அன்று எனக்குச் சொல்ல ஆளில்லை. அந்த இரண்டு அடி இன்னும் மனசில் உறுத்துகிறது.

பார்க்க ஆசையாக இருந்தால், பிலிமைக் கையால் மெல்ல இழுத்து, வெள்ளை விளக்குப் பெட்டியின் மேலோ கைப்பேசியின் வெள்ளைத் திரைமேலோ வைத்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். இப்போதைக்கு அது போதும்.

கையில் இருப்பது என்ன வகை

முதலில் அகலம். 8 மி.மீ. இரண்டு வகை. 1932இல் வந்த சாதா 8, 1965இல் வந்த சூப்பர் 8. சாதா 8இன் துளைகள் பெரியவை. ஒரு படக்கட்டமும் அடுத்த கட்டமும் சேரும் இடத்தில் இருக்கும். சூப்பர் 8இன் துளை சின்னது, கட்டத்தின் நடுவுக்கு நேராக இருக்கும். ரீலின் நடு ஓட்டையிலும் தெரிந்துவிடும்: சூப்பர் 8க்குப் பெரியது, சாதா 8க்குச் சின்னது. 16 மி.மீ. பிலிம் 1923இல் வந்தது. அரசாங்கப் படங்கள், தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் போட்ட படங்கள் எல்லாம் பெரும்பாலும் இந்த அகலம்தான். கொட்டகைக்குப் போனது 35 மி.மீ.

அடுத்து, பிலிம் எதனால் ஆனது. ரீலை விளக்குக்கு எதிரே பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவி வந்தால் பாலியெஸ்டர், நெடுநாள் தாங்கும். இருட்டாகத் தெரிந்தால் அசிட்டேட். வீட்டுப் படங்களில் பெரும்பாலானவை அசிட்டேட்தான். காடி வாடை வருவதும் இதில்தான்.

35 மி.மீ. சுருள், அதுவும் 1950களின் தொடக்கத்துக்கு முந்தையது கிடைத்தால் உடனே கையை எடுங்கள். அது நைட்ரேட்டாக இருக்கலாம். நைட்ரேட் பிலிம் தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும். எரியத் தேவையான ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பிசுபிசுப்பாகத் தேன்போல் கசிந்திருந்தாலோ பழுப்புத் தூளாகியிருந்தாலோ இன்னும் ஆபத்து. காரில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள். வெயில் படாத இடத்தில், வீட்டு ஆட்களிடமிருந்து தள்ளி வைத்துவிட்டு, தீயணைப்புத் துறைக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் தகவல் சொல்லுங்கள். 8, 16 மி.மீ. வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை அநேகமாக இல்லை. அவை தொடக்கத்திலிருந்தே எளிதில் தீப்பிடிக்காத அடித்தளத்தில் வந்தவை.

கோடாக் பிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று சின்னச் சின்னக் குறிகள் இருக்கும். அந்தப் பிலிம் தயாரான ஆண்டுக்கான அடையாளம் அது. 20 ஆண்டுக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும் என்பதால், காட்சியில் தெரியும் கார், உடை, கடைப்பலகை ஆகியவற்றோடு சேர்த்துத்தான் ஆண்டைக் கணிக்க வேண்டும். ஓரத்தில் கோடாக்குரோம் என்று இருந்தால் மகிழ்ச்சியடையுங்கள்: இருட்டில் வைத்த கோடாக்குரோமின் நிறம் பல பத்தாண்டுகள் அப்படியே நிற்கும். கழுவாத கோடாக்குரோம் கார்ட்ரிட்ஜ் கிடைத்தால் சங்கடம். அதை வண்ணத்தில் கழுவும் வேலை 2010 முடிவோடு உலகம் முழுக்க நின்றுவிட்டது. கறுப்பு வெள்ளையில் கழுவித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள்.

காடி வாடை என்ன சொல்கிறது

அசிட்டேட் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியாகிறது. வீட்டுக் காடியில் இருப்பதும் அதே அமிலம்தான். வெளியான அமிலம் மீதிப் பிலிமையும் வேகமாகச் சிதைக்கும். போகப்போகச் சுருங்கும், வளையும், கடைசியில் படம் பதிந்திருக்கும் மேல்பூச்சு அடித்தளத்திலிருந்து உரிந்துவரும். வெப்பமும் ஈரமும் இதை முடுக்கிவிடும். அமெரிக்காவின் ரோச்சஸ்டரில் உள்ள படிம நிலைப்பு ஆய்வுக் கழகத்தின் கணக்குப்படி, புது அசிட்டேட் பிலிமை 21 டிகிரி செல்சியஸ், 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்தால் சுமார் 40 ஆண்டுகளில் இந்தச் சிதைவு தொடங்கும். நம் ஊரில் பகலில் 30 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சர்வசாதாரணமாகத் தொடும். அத்தனை ஆண்டு இங்கே தாங்காது.

வாடையை மட்டும் நம்பாதீர்கள்; பழகப்பழக மூக்குக்குத் தெரியாமல் போய்விடும். அதே கழகம் ஏ-டி பட்டை என்று ஒரு காகிதத் துண்டு விற்கிறது. பிலிம் டப்பாவுக்குள் ஒரு நாள் வைத்து மூடினால், நீலத்திலிருந்து பச்சை, அதிலிருந்து மஞ்சள் என்று அமிலத்துக்கு ஏற்ப நிறம் மாறும். நீலம் என்றால் நலம். பட்டையின் நிற அளவுகோலில் 1.5ஐத் தாண்டினால் சிதைவு தானாகவே வேகமெடுக்கும் கட்டம்; அந்தச் சுருள்தான் முதலில் ஸ்கேனுக்குப் போக வேண்டும்.

சுருக்கத்தை வீட்டிலேயே அளந்துவிடலாம். 16 மி.மீ. பிலிமில் 100 துளை இடைவெளியை ஒரு நீளமான ஸ்கேலின் மேல் இழுக்காமல் படுக்க வைத்து அளந்தால் ஏறக்குறைய 762 மி.மீ. வர வேண்டும். சூப்பர் 8இல் 423, சாதா 8இல் 381. ஒரு விழுக்காடு குறைந்தால், அதாவது 16 மி.மீ. பிலிம் 754 என்று காட்டினால், பல்சக்கரம் உள்ள எந்த இயந்திரத்திலும் அதை ஓட்ட விடாதீர்கள். பெரியக்கா கல்யாணச் சுருளை நான் பிறகு அளந்தபோது 418தான் வந்தது.

வாடை வரும் சுருள்களை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். அந்த ஆவி நல்ல பிலிமையும் கெடுக்கும். துருப்பிடித்த தகர டப்பாவையும் மாற்றிவிடுங்கள்.

துடைப்பதும் ஒட்டுவதும்

இங்கே ஒரு விதி: தண்ணீர் கூடவே கூடாது. பூஞ்சணம் பிடித்த பிலிமின் மேல்பூச்சு ஜெலட்டின். பூஞ்சணம் அதைத் தின்று இளக்கிவைத்திருக்கும். ஈரத்துணி பட்டால் படம் துணியோடு வந்துவிடும். சில குடும்பங்களில் அலசிக் காயப்போட்ட கதையும் கேட்டிருக்கிறேன், கேட்கவே வயிறு எரியும்.

பூஞ்சணம் இருந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். முதலில் நன்றாக உலர விட வேண்டும். கேமரா பிரியர்கள் வைத்திருக்கும் உலர் பெட்டியில் 40, 45 விழுக்காட்டில் இரண்டு வாரம் வைத்தால் பூஞ்சணம் காய்ந்து பொடியாகும். அப்புறம் பஞ்சு உதிராத மெல்லிய துணியில் 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சில சொட்டு விட்டு, பிலிமை இரண்டு விரலுக்கு இடையில் துணியோடு லேசாகப் பிடித்து, ஒரு ரீலிலிருந்து இன்னொரு ரீலுக்குச் சுற்றுங்கள். அடிக்கடி துணியின் புதுப் பகுதிக்கு மாறுங்கள். இல்லாவிட்டால் எடுத்த மண்ணாலேயே கீறல் விழும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 விழுக்காட்டு ஆல்கஹால் வேண்டாம், மீதி 30 தண்ணீர். ஓரத்தில் பழுப்பு நிற ஒலிப்பட்டை ஓடும் பிலிமாக இருந்தால் கடைசி முனையில் சோதித்துப் பார்க்காமல் முழுதும் துடைக்காதீர்கள்.

பழைய ஒட்டுகள் கையில் எடுத்தவுடன் விட்டுப்போகும். பரவாயில்லை, பிலிமுக்கென்றே விற்கும் துளையிட்ட ஒட்டு நாடாவும், பிலிமை வெட்டி ஒட்ட உதவும் சின்ன ஸ்பிளைசரும் வாங்கி ஒட்டுங்கள். வீட்டு செல்லோடேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை இந்த வெக்கையில் ஒழுகி அடுத்த சுற்றுகளையும் ஒட்டிவிடும். தலைப்பிலும் வாலிலும் ஒரு இரண்டு மீட்டர் வெள்ளை லீடர் (படமில்லாத வெற்றுப் பிலிம்) ஒட்டி, சுருளின் எண்ணை அதில் எழுதிவிடுங்கள்.

ஸ்கேன்: கறாராக இருக்க வேண்டிய இடம்

எங்கள் குடும்பத்தில் ஒருவர் முதலில் இரண்டு சுருள்களை ஒரு கடையில் கொடுத்தார். அவர்கள் சுவரில் ஓட்டி, அதை வீடியோ கேமராவில் எடுத்து, டிவிடியில் போட்டுத் தந்தார்கள். நடுவில் வெளிச்சப் புள்ளி, ஓரம் இருட்டு, படம் முழுக்க மினுக்கல். அதை வைத்து எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது.

உங்களுக்கு வேண்டியது ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனிப் படமாக எடுக்கும் ஸ்கேனர். பல்சக்கரம் இல்லாமல் ரப்பர் உருளையால் பிலிமை நகர்த்தும் வகையாக இருக்க வேண்டும். சுருங்கிய பிலிமும் அதில் பத்திரமாகப் போகும். கொடுப்பதற்கு முன் இதையெல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள்: துளையும் கட்டத்தின் ஓரமும் தெரிகிற மாதிரி கொஞ்சம் அகலமாக ஸ்கேன் செய்வீர்களா? ஒவ்வொரு நிறத்துக்கும் 10 பிட் அல்லது அதற்கு மேல், நிற அழுத்தம் கூட்டாமல் தட்டையாகத் தருவீர்களா? கூர்மையாக்குவது, தானியம் (பிலிமில் தெரியும் பொடிப்பொடியான புள்ளிகள்) நீக்குவது எல்லாவற்றையும் அணைத்துவிடுவீர்களா? கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் நாங்களே அழகாகச் செய்துதருவோம்" என்று பதில் வந்தால், வேறு இடம் பாருங்கள்.

8 மி.மீ. பிலிமுக்கு 2கே (அகலவாக்கில் சுமார் 2,000 புள்ளி) தாராளம். 16 மி.மீ.க்கு 2கே போதும், கையில் பணமும் வட்டில் இடமும் இருந்தால் 4கே. 35 மி.மீ. என்றால் 4கேக்குக் கீழே இறங்க வேண்டாம்.

இடக் கணக்கையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 50 அடி சூப்பர் 8 சுருளில் 3,600 கட்டங்கள். வினாடிக்கு 18 கட்டம் என்று ஓடினால் 3 நிமிடம் 20 வினாடி. ஒவ்வொரு கட்டத்தையும் தனிப் படமாக வைக்கும் டிபிஎக்ஸ் கோப்பில், 2கேயில் ஒரு கட்டம் ஏறக்குறைய 12.7 எம்பி. ஆக ஒரு சின்னச் சுருளுக்கு 46 ஜிபி! காப்பகங்கள் பல இப்போது எஃப்எஃப்வி1 என்ற இழப்பில்லாத சுருக்க முறையில் எம்கேவி கோப்பாக வைக்கின்றன. படத்தில் ஒரு புள்ளிகூடக் குறையாமல் இடம் மிச்சமாகும். கடைக்காரர் புரோரெஸ் 4444 என்ற வீடியோ வடிவில் தருவதாகச் சொன்னாலும் வீட்டுப் படத்துக்கு அது நல்ல தேர்வுதான். வாட்ஸ்அப்பில் அனுப்ப, நன்றாகச் சுருக்கிய எச்.264 பிரதி தனியாக எடுத்துக்கொள்ளலாம். அதுவே மூலமாகிவிடக்கூடாது.

வேகத்தை மாற்றச் சொல்லாதீர்கள். 16, 18 என்று எடுத்த படத்தைத் தொலைக்காட்சிக்காக 25 கட்டமாகக் கலந்துவிட்டால், கலந்ததைப் பிரிக்க முடியாது. ஒரு கட்டத்துக்கு ஒரு படம், அவ்வளவுதான்.

கணினியில் சீரமைப்பு

ஸ்கேன் வந்ததும் முதல் வேலை, மூலக் கோப்பைப் பூட்டிவைத்துவிட்டுப் பிரதியில் மட்டும் கை வைப்பது. டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே நிறம், நிலைநிறுத்தம் எல்லாம் செய்யலாம். தூசு நீக்கும் கருவிகளும் மினுக்கல் தடுப்பும் விலைகொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பில் இருக்கின்றன. பொறுமை உள்ளவர்களுக்கு அவிசிந்த் என்ற இலவச மென்பொருள் போதும்.

ஆட்டத்தில் இரண்டு வகை உண்டு. கேமராவில் படம் பதியும் வாயிலில் பிலிம் நெளிந்ததால் வரும் ஆட்டம் ஒன்று. அதைத் துளையின் இடத்தை வைத்துச் சரிசெய்யலாம், அதற்குத்தான் துளையோடு ஸ்கேன் கேட்டது. மற்றது மாமாவின் கை நடுக்கம். ரதம் நெருங்கி வரும்போது கூட்டம் தள்ளி அவர் கை ஆடியிருக்கிறது. அதை நான் தொடவில்லை. அன்றைக்கு அவர் நின்ற இடமே அந்த ஆட்டத்தில்தான் தெரிகிறது.

தூசு நீக்கும் இடத்தில்தான் எனக்குப் பெரிய பாடம். ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் தெரிந்து அடுத்ததில் காணாமல் போவதைத் தூசு என்று மென்பொருள் முடிவுசெய்கிறது. தைப்பூசச் சுருளை அதில் ஓட்டிவிட்டுப் பார்த்தால், வெள்ளி ரதத்துக்கு முன்னால் சனம் தேங்காய் உடைக்கிறது, கை ஓங்குகிறது, இறங்குகிறது, ஆனால் ஒன்றும் சிதறவில்லை. சில்லும் தண்ணீரும் ஒரு கட்டத்தில் மட்டும் பறப்பதால் அத்தனையையும் அழுக்கு என்று எண்ணித் துடைத்திருந்தது. பினாங்குத் தைப்பூசத்தில் தேங்காய்ச் சில்லு இல்லாமல் என்ன இருக்கிறது? அந்த நாற்பது வினாடிக்கும் தானியங்கியை அணைத்துவிட்டு, கட்டம் கட்டமாகக் கையால் செய்தேன். மூன்று இரவு ஆயிற்று. அதனால் தானியங்கியைக் குறைந்த அளவில் ஓட்டுங்கள். முடிந்ததும் முன்னதையும் பின்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேகமாக அசையும் இடங்களில் கண்ணை எடுக்காதீர்கள்: மஞ்சள் அரிசி தூவுவது, மத்தாப்பு, மழை.

நிறத்துக்கு வருவோம். ஈஸ்ட்மன்கலர் வகைப் பிலிம்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுக்கும், படம் முழுக்கச் சிவந்துவிடும். சிவப்பைக் குறைத்தால் போதாது. மூன்று நிறத்தையும் தனித்தனியாகப் பிரித்து, வெளுத்ததன் அளவை உயர்த்த வேண்டும். வெள்ளைக்கு எதை ஆதாரமாக எடுப்பது என்பது நம் படங்களில் சிக்கலான விஷயம். வேட்டியைக் காட்டினால் தப்பு: விரதம் இருந்து காவடி எடுத்தவரின் வேட்டி மஞ்சளில் நனைத்தது. மென்பொருள் அதை வெளுத்துப்போன வெள்ளை என்று நினைத்துத் திருத்த, தெருவே நீலம் பூத்துவிட்டது. நான் கடைசியில் பிடித்தது ஒருவர் நெற்றியில் இருந்த திருநீறு. அதைச் சாம்பல் வெள்ளையாக நிறுத்தியதும் தோல், வாழைமரம், வானம் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்தன.

செயற்கை நுண்ணறிவு கொண்டு பெரிதாக்குவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். முகங்கள் உள்ள வீட்டுப் படத்தில் வேண்டாம் என்பதே என் முடிவு. பாட்டியின் மூக்குத்தி பிலிமில் நாலைந்து தானியம் அளவுக்குத்தான் இருந்தது. சோதித்துப் பார்த்தபோது மூக்குத்தி மறைந்து, வழுவழுப்பான யாரோ ஒருத்தியின் மூக்கு வந்தது. அது எங்கள் பாட்டி இல்லை. கறுப்பு வெள்ளைக்கு நிறம் ஏற்றுவதும், 18 கட்டத்தை 60 ஆக்குவதும் அப்படித்தான். விருப்பமானால் பொழுதுபோக்குக்குத் தனிப் பிரதியாகச் செய்துகொள்ளுங்கள், கோப்பின் பெயரிலேயே அப்படி எழுதிவையுங்கள்.

சத்தமில்லாப் படத்துக்குப் பெரியவர்களின் குரல்

பெரும்பாலான சுருள்களில் ஒலி இல்லை. சினிமாப் பாட்டைச் சேர்த்து நிரப்பாதீர்கள். அதற்குப் பதிலாக, பெரியவர்களை உட்காரவைத்துப் படத்தைப் போட்டுக்காட்டி, அவர்கள் பேசுவதைக் கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் இரைச்சலைக் கொஞ்சம் குறைத்து, தனி ஒலிக்கோப்பாக வைத்துக்கொள்ளலாம்.

நான் சின்னம்மாவிடம் போட்டுக்காட்டினேன். முதலில் ஒன்றும் பேசவில்லை. லயத்து வாசலில் ஒரு பெண் வாளியோடு நடக்கும் இடத்தில், "நிறுத்து நிறுத்து, தம்பி. பின்னால போ. அது பால்காரர் மக. கல்யாணமாகி சித்தியவான் போனவ" என்றார். அப்புறம் ஒரு மணி நேரம் நிற்கவே இல்லை. அந்தப் பெயர்களை எல்லாம் எந்த நிமிடம், எந்த வினாடி என்று குறித்து, யூனிகோடுத் தமிழில் ஒரு சாதாரண உரைக்கோப்பில் தட்டி, படக்கோப்போடு அதே உறையில் வைத்தேன். முதலில் இதைச் செய்யுங்கள், தூசு பிறகு எடுக்கலாம். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

வைத்திருப்பது எப்படி

ஸ்கேன் முடிந்ததும் பிலிமைத் தூக்கிப் போடாதீர்கள். சத்யஜித் ராயின் அபு படங்கள் மூன்றின் மூல நெகட்டிவ்கள் 1993இல் லண்டனில் நடந்த தீ விபத்தில் கருகின. எரிந்தவற்றை யாரோ எறியாமல் வைத்திருந்ததால்தான், இருபது ஆண்டு கழித்து இத்தாலியின் பொலோனாவில் அவற்றைக் கரைசலில் ஊறவைத்து இளக்கி, தேறியதை 4கேயில் ஸ்கேன் செய்ய முடிந்தது. 2015இல் அந்தப் படங்கள் திரும்பத் திரைக்கு வந்தன. நாளைக்கு வரும் ஸ்கேனர் இன்றையதைவிட நன்றாக இருக்கும். பிலிம் இருந்தால்தான் அதனால் பயன்.

நல்ல நிலையில் உள்ள சுருள்களுக்கு உலர் பெட்டி போதும். 35லிருந்து 45 விழுக்காட்டில் வையுங்கள். வாடை வரும் சுருள்களுக்கு உறைபெட்டிதான் மருந்து. முதலில் உலர் பெட்டியில் ஈரத்தை இறக்கி, பிறகு ஜிப் பையில் போட்டு, ஈரப்பதம் காட்டும் அட்டை ஒன்றோடு இன்னொரு ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, உறைபெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்தால் பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க அறையில் விட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் நம் காற்றின் ஈரம் அத்தனையும் குளிர்ந்த பிலிமில் முத்துமுத்தாகப் படியும். உறைய வைக்காத பிலிமைக் காற்றுப்புகாத பையில் அடைக்கவும் கூடாது. அமில ஆவி உள்ளேயே தங்கிச் சிதைவைக் கூட்டும்.

கோப்புகளுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு ஊரில். எங்களுடையதில் ஒரு வட்டு பினாங்கில் என்னிடம், ஒன்று பெட்டாலிங் ஜெயாவில் தங்கை வீட்டில், மூன்றாவது மேகச் சேமிப்பில். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 கைரேகை எண் எடுத்து எழுதிவையுங்கள். ஒரு பிட் மாறினாலும் எண் மாறிவிடும். வட்டுகளை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக்குங்கள்.

கோயில் கும்பாபிஷேகம், பள்ளித் திறப்பு, தோட்டத்து வாழ்க்கை என்று குடும்பத்துக்கு அப்பாலும் மதிப்புள்ள காட்சி இருந்தால், கோலாலம்பூரில் உள்ள அர்கிப் நெகாரா என்ற தேசிய ஆவணக் காப்பகத்தை அணுகுங்கள். 1946இல் தொடங்கிய மலாயா திரைப்படப் பிரிவின் வழிவந்த ஃபிலெம் நெகாரா 2013இல் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸோடு இணைந்தது. அரசாங்கப் படம் ஏதாவது உங்கள் டப்பாவில் கிடந்தால் அங்கும் கேட்கலாம். கடையில் வாங்கிய சினிமாப் பிரதியை இணையத்தில் ஏற்றுவது வேறு கதை. மலேசியச் சட்டத்தில் திரைப்படத்துக்குப் பதிப்புரிமை வெளியீட்டிலிருந்து 50 ஆண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஒவ்வொரு ஆண்டும் தைப்பூச விடுமுறை அன்று மாலையில் வட்டுகளைச் செருகி எண்களைச் சரிபார்க்கிறேன், உலர் பெட்டியில் புதுப் பட்டை வைக்கிறேன். கல்யாணச் சுருளும் அதோடு சேர்ந்த இரண்டும் உறைபெட்டியில், ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில். மீதி எட்டிலும் பட்டை இந்த ஆண்டும் நீலமாகத்தான் இருக்கிறது.